ஒரே கல்லூரி, நாலு விதமான மகப்பேறு விடுப்பு: உங்களுக்கு எத்தனை நாள்? எப்படி வாங்குவது? முழு விளக்கம்

வடசென்னையில் ஒரு கல்லூரி வாசலை நினைச்சுக்கோங்க. காலை 9 மணி. நாலு பெண்கள் உள்ளே போறாங்க. ஒருவர் நிரந்தரப் பேராசிரியர். ஒருவர் திருவொற்றியூரில் இருந்து ஷேர் ஆட்டோவில் வரும் கௌரவ விரிவுரையாளர். ஒருவர் எண்ணூரில் இருந்து முதல் பஸ் பிடித்து வரும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். இன்னொருவர் பிஎச்.டி. ஆய்வு மாணவி.

நாலு பேரும் கர்ப்பிணிகள். நாலு பேருக்கும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலேயே பிரசவம் நடக்கலாம். ஆனால் விடுப்புக் கணக்கு நாலு பேருக்கும் வேற வேற. பேராசிரியருக்கு 365 நாள். துப்புரவுப் பணியாளருக்கு 26 வாரம். ஆய்வு மாணவிக்கு 240 நாள் வரை.

கௌரவ விரிவுரையாளருக்கு? "உங்களுக்கு லீவெல்லாம் கிடையாதும்மா, வேணும்னா நின்னுக்கோங்க" என்று யாராவது சொன்னால், அது சரியா? சரியில்லை. ஏன் என்பதையும், விடுப்பை எழுத்தில் கேட்டு வாங்குவது எப்படி என்பதையும் இங்கே பார்ப்போம்.

முதல்ல இதைப் பாருங்க: உங்களுக்குச் சம்பளம் போடுறது யாரு?

மகப்பேறு விடுப்பில் பாதி குழப்பம் இங்கேதான் தொடங்குது. எந்த வளாகத்தில் வேலை செய்றீங்க என்பது முக்கியமில்லை. உங்களை நியமித்தது யார், சம்பளம் எங்கிருந்து வருது என்பதை வைத்துத்தான் விதி மாறும்.

வடசென்னையையே எடுத்துக்கலாம். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி ஆகியவை அரசுக் கல்லூரிகள். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி அரசு உதவி பெறும் கல்லூரி. மாதவரம் பால்பண்ணையில் இருக்கும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநிலப் பல்கலைக்கழகம். இவை தவிர சுயநிதிக் கல்லூரிகள். இதில் எந்த வளாகத்திலும் நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், ஏஜென்சி மூலம் வந்தவர் என மூணு வகை ஆட்களும் இருக்கலாம்.

அதனால உங்க பணி நியமன ஆணையையும், கடைசி 3 மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்து வெச்சுக்கோங்க. உங்க விடுப்பின் விதி எது என்பது அந்த ரெண்டு பேப்பரிலேயே தெரியும்.

நிரந்தர அரசு ஊழியரா? 365 நாள், முழுச் சம்பளம்

தமிழ்நாடு அரசில் மகப்பேறு விடுப்பு படிப்படியாக உயர்ந்தது. 2011இல் 6 மாதம். 2016இல் 9 மாதம். 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். 12 மாதத்துக்கான ஆணை, மனிதவள மேலாண்மைத் துறை 23.08.2021 அன்று வெளியிட்ட அரசாணை எண் 84.

இதில் கவனிக்க வேண்டியவை:

• உயிருடன் இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்கணும். அதாவது முதல் இரண்டு குழந்தைகளுக்கு.

• 365 நாளைப் பிரசவத்துக்கு முன், பின் எப்படிப் பிரிப்பது என்பது உங்க விருப்பம். "டெலிவரிக்கு முன்னாடி இத்தனை நாள் எடுத்தே ஆகணும்" என்ற கட்டாயம் இல்லை.

• இந்த விடுப்பு உங்க ஈட்டிய விடுப்புக் கணக்கில் கழியாது.

• தகுதிகாண் பருவத்தில் இருக்கும்போது விடுப்பு எடுத்தால் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்ற பயம் நீண்ட நாளாக இருந்தது. மகப்பேறு விடுப்புக் காலமும் தகுதிகாண் பருவத்தில் சேர்த்துக்கொள்ளப்படும் என்று 2025 ஏப்ரல் 28 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார்.

மாநிலப் பல்கலைக்கழக ஊழியர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பல்கலைக்கழகங்கள் தன்னாட்சி அமைப்புகள். அரசாணையை சிண்டிகேட் போன்ற ஆட்சிக்குழு ஏற்று, தனியாக ஆணை போடுவதுதான் வழக்கம். எனவே விண்ணப்பத்தில் அரசாணை எண்ணோடு, உங்க பல்கலைக்கழகம் அதை ஏற்ற ஆணையின் எண்ணையும் குறிப்பிடுங்க. நிர்வாகப் பிரிவில் கேட்டால் நகல் கிடைக்கும். தரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தரணும்.

கௌரவ விரிவுரையாளர், தொகுப்பூதிய ஊழியர்: 'ஒப்பந்தம் முடிஞ்சிடுச்சே' என்றால்?

அதிகம் ஏமாற்றப்படுவது இவங்கதான். ஆண்டுக்கு 11 மாதம் வேலை, பிறகு ஒரு இடைவெளி, மறுபடி நியமனம். இந்த இடைவெளியில் பிரசவம் வந்தால் அடுத்த வருஷம் பெயர் பட்டியலில் இருக்குமா என்ற பயம். அதனால்தான் பலர் விடுப்பு கேட்காமலே வேலையை விட்டுடுறாங்க.

சட்டம் என்ன சொல்லுது? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பணப்பயன் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே 26 வாரம் தொடருது. தகுதி ஒன்றுதான்: பிரசவம் எதிர்பார்க்கப்படும் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் அந்த நிறுவனத்தில் வேலை செய்திருக்கணும். நிரந்தர ஊழியராக இருக்கணும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

ஜூனில் சேர்ந்த ஒருவர் டிசம்பர் வருவதற்குள் பெரும்பாலும் 80 நாளைத் தாண்டிடுவார். மாதம் 25,000 ரூபாய் வாங்குபவருக்கு 26 வாரம் என்றால் சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். "லீவு கிடையாது" என்ற ஒரு வாய்மொழிப் பதிலால் ஒரு குடும்பம் இழப்பது இவ்வளவு பெரிய தொகை.

நீதிமன்றங்கள் இதில் தெளிவாக இருக்கு:

• 2000: டெல்லி மாநகராட்சியில் தினக்கூலியாக வேலை செய்த பெண்களுக்கும் மகப்பேறு பணப்பயன் உண்டு என்றது உச்ச நீதிமன்றம்.

• 2023 ஆகஸ்ட் 17: டெல்லி அரசு மருத்துவமனையில் ஒப்பந்த மருத்துவராக இருந்தவரின் ஒப்பந்தம், விடுப்பு தொடங்கிய சில நாளிலேயே முடிந்தது. 'அதோடு பணப்பயனும் முடிந்தது' என்றது நிர்வாகம். உச்ச நீதிமன்றம் ஏற்கலை. விடுப்புக்குத் தகுதி வந்துவிட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் முழுப் பணப்பயன் தரணும் என்றது.

• 2025 ஜனவரி: தமிழ்நாட்டில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றும் செவிலியர்களுக்கும் மகப்பேறு பணப்பயன் சட்டம் பொருந்தும், ஒப்பந்த நிபந்தனையைவிடச் சட்டமே மேலானது என்றது சென்னை உயர் நீதிமன்றம்.

அதனால "கான்ட்ராக்ட்ல லீவு பத்தி ஒண்ணும் போடலையே" என்றால் உங்க பதில்: "கான்ட்ராக்ட்ல இல்லாட்டியும் சட்டத்துல இருக்கு."

கர்ப்பத்தையோ மகப்பேறு விடுப்பையோ காரணம் காட்டி, விடுப்பில் இருக்கும்போது வேலையைவிட்டு நீக்குவதும் சட்டப்படி தவறு. பணி நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றவும் கூடாது.

ஏஜென்சி மூலம் வேலையா? சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. இருக்கான்னு பாருங்க

துப்புரவு, பாதுகாப்பு, கேன்டீன், விடுதி சமையல் போன்ற வேலைகள் பல கல்லூரிகளில் ஒப்பந்ததாரர் வழியாக நடக்குது. இவங்க கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் "ஏஜென்சியைக் கேளுங்க" என்பாங்க. ஏஜென்சியில் கேட்டால் "காலேஜ்ல கேளுங்க" என்பாங்க. ரெண்டு இடத்துக்கும் அலைவதற்கு முன், சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களான்னு பாருங்க.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் வருவாங்க. பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச்) சேர்த்து 70 நாளாவது உங்க பெயரில் பங்களிப்பு கட்டியிருந்தால், 26 வாரத்துக்கு உங்க சராசரி தினக்கூலி முழுவதும் கிடைக்கும். இந்தப் பணத்தை ஒப்பந்ததாரர் தர வேண்டியதில்லை. ஈ.எஸ்.ஐ. நிறுவனமே நேராக உங்க வங்கிக் கணக்கில் போடும்.

ஒப்பந்ததாரர் மாறினாலும் உங்க ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண் மாறாது. புதிய ஏஜென்சி வந்தால், "எனக்கு ஏற்கெனவே நம்பர் இருக்கு" என்று பழைய எண்ணைக் கொடுங்க. புதுசா இன்னொரு எண் போட்டுட்டா 70 நாள் கணக்கு உடைஞ்சுபோகும். இந்த ஒரு தவறால் 26 வாரப் பணமும் சிக்கலாகலாம்.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை என்றால், 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால் உங்க முதலாளி, அதாவது ஒப்பந்ததாரர், 26 வாரச் சம்பளத்தைத் தரக் கடமைப்பட்டவர்.

பிஎச்.டி. மாணவிகளுக்கு என்ன?

ஆய்வு மாணவி ஊழியர் இல்லை. அதனால மேலே சொன்ன சட்டம் நேரடியாகப் பொருந்தாது. ஆனால் யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. ஒழுங்குமுறைப்படி, ஆய்வுக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். ஆய்வை முடிக்கப் பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு சலுகையும் உண்டு.

இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் வருகைப்பதிவில் சலுகை தரும் வகையில் விதிகளை உருவாக்கும்படி 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களை யு.ஜி.சி. கேட்டுக்கொண்டது.

அப்பாக்களுக்கு லீவு உண்டா?

மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து, குழந்தை பிறந்த 6 மாதத்துக்குள் எடுக்கலாம். இரண்டு குழந்தைகள் வரை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் வேலை செய்பவர்களுக்கும் இதே அளவுதான். பெண் ஊழியர்களுக்கு அங்கே மகப்பேறு விடுப்பு 180 நாள். அதோடு குழந்தைக்கு 18 வயது ஆகும் வரை மொத்தம் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பும் உண்டு.

தனியார் நிறுவனங்கள் தந்தையர் விடுப்பு கொடுத்தே ஆகணும் என்று சட்டம் எதுவும் இல்லை. 2023 ஆகஸ்டில், தமிழகக் காவல் ஆய்வாளர் ஒருவரின் வழக்கில், தந்தையர் விடுப்புக்குச் சட்டம் கொண்டுவர வேண்டிய காலம் வந்துவிட்டது என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. அதுவரை மாநில அரசுக் கல்லூரி ஆண் ஊழியர்களுக்கு ஈட்டிய விடுப்பும் தற்செயல் விடுப்பும்தான் கை கொடுக்கும்.

அலுவலகத்தில் அடிக்கடி சொல்லும் 3 காரணங்கள்... உண்மை என்ன?

'மூணாவது குழந்தைக்கு ஒரு நாள்கூட கிடையாது'

அப்படி இல்லை. சட்டப்படி, ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தாலும் 12 வாரம் உண்டு. தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள். மறுமணத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. மகப்பேறு விடுப்பு என்பது பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்றும் சொன்னது.

'திருமணப் பதிவுச் சான்றிதழ் கொண்டு வாங்க'

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு நீதிமன்றப் பெண் ஊழியருக்கே இப்படி விடுப்பு மறுக்கப்பட்டது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, அவருக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது.

'கரு கலைஞ்சிடுச்சுன்னா லீவு எதுக்கு?'

கருச்சிதைவுக்கு 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. மருத்துவச் சான்று போதும். கர்ப்பம் அல்லது பிரசவம் தொடர்பான நோய் இருந்தால் மேலும் ஒரு மாதம். தத்தெடுக்கும் தாய்க்கும், வாடகைத்தாய் மூலம் குழந்தை பெறும் தாய்க்கும் குழந்தை கைக்கு வந்த நாளில் இருந்து 12 வாரம் தருகிறது சட்டம்.

எப்படி விண்ணப்பிக்கணும்? ஸ்டெப் பை ஸ்டெப்

1. பிக்மி எண் வாங்குங்க. கர்ப்பம் உறுதியானதும் பக்கத்தில் உள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்க. தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் இந்தப் பதிவு வேணும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண் கேட்பாங்க.

2. மருத்துவச் சான்று. பிரசவம் எதிர்பார்க்கப்படும் தேதி அதில் தெளிவாக இருக்கணும். 80 நாள் கணக்கு இந்தத் தேதியை வைத்துத்தான்.

3. எழுத்தில் விண்ணப்பம். வாயால் சொல்வதும், துறைத் தலைவருக்கு வாட்ஸ்அப் அனுப்புவதும் போதாது. எந்தத் தேதியில் இருந்து விடுப்பு, எந்த விதியின் கீழ், விடுப்பில் இருக்கும்போது பணம் எந்த வங்கிக் கணக்குக்கு வரணும் என்பதை எழுதுங்க. "இந்தக் காலத்தில் வேறு எங்கும் வேலை செய்ய மாட்டேன்" என்ற ஒரு வரியும் சேருங்க. சட்டம் அதைக் கேட்குது.

4. ரெண்டு காப்பி. ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு சீல் வாங்குங்க. சீல் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமா வைங்க. கூடவே இமெயிலும் அனுப்பிடுங்க. பின்னாடி வழக்கு என்று வந்தால் இந்த ஒரு சீல்தான் பேசும்.

5. பணம் எப்போ வரும்? 26 வாரச் சட்டத்தின்படி, பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை, கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்கூட்டியே தரணும். மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தரணும். அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க முடியலைன்னா, பிரசவம் முடிந்த பிறகும் கொடுக்கலாம். அதைக் காரணம் காட்டி உரிமையை மறுக்க முடியாது.

6. திரும்ப வேலையில் சேரும்போது. சேரும் நாளில் எழுத்தில் பணியேற்புக் கடிதம் கொடுத்து, அதிலும் சீல் வாங்குங்க. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பால் கொடுக்க தினமும் 2 இடைவேளை உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்கணும். தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம்.

மறுத்தா எங்கே போறது?

முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்க. "வாயால சொன்னா போதும்" என்றால், "இன்று இந்தத் தேதியில் எனக்கு விடுப்பு மறுக்கப்பட்டது" என்று நீங்களே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து நகல் வெச்சுக்கோங்க.

• அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி என்றால்: கல்லூரிக் கல்வித் துறையின் இணை இயக்குநருக்கு மேல்முறையீடு. மருத்துவக் கல்லூரிக்கு மருத்துவக் கல்வி இயக்ககம்.

• பல்கலைக்கழகம் என்றால்: பதிவாளர், பிறகு துணைவேந்தர்.

• சுயநிதிக் கல்லூரி, ஏஜென்சி என்றால்: தொழிலாளர் துறையில் புகார். ஈ.எஸ்.ஐ. பிரச்சினை என்றால் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம்.

• வழக்கு போட வசதி இல்லையா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழைக்கலாம். மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கு. பெண்கள் உதவி எண் 181.

இது யாரும் போடுற பிச்சை இல்லை

மதராஸ் மாகாணத்தில் மகப்பேறு பணப்பயன் சட்டம் வந்தது 1934இல். அது வந்தது ஆலைகளில் வேலை செய்த பெண்களுக்காக. ஆலைச் சங்கு ஊதினால் விடியும் வடசென்னைக்கு இந்த உரிமை புதுசு இல்லை. 90 வருஷம் கழித்து, அதே ஊரில் முதுகலையும் முனைவர் பட்டமும் முடித்த ஒரு பெண், "லீவு கேட்டா வேலை போயிடுமோ" என்று பயந்து வாயைத் திறக்காமல் இருக்க வேண்டியதில்லை.

உங்க வீட்டிலோ தெருவிலோ கல்லூரியில் வேலை பார்க்கும் கர்ப்பிணி யாராவது இருந்தால், அவங்ககிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: "எத்தனை நாள் வேலை செஞ்சிருக்கீங்க? லீவை எழுதிக் கொடுத்து சீல் வாங்கிட்டீங்களா?" முதல் கேள்விக்கு 80 நாளுக்கு மேல் என்றால், ரெண்டாவது வேலையை இன்னைக்கே முடிக்கச் சொல்லுங்க.